டெப் பெரிதா, ஆர்பிஎம் பெரிதா? லினக்ஸ் பொதிகளின் கதை

2002 செப்டம்பரில் ரெட் ஹாட் லினக்ஸ் 8.0 வெளிவந்தது. திரை அழகாக இருந்தது, எழுத்துருக்கள் அழகாக இருந்தன. ஆனால் எம்பி3 பாட்டு மட்டும் பாடாது! காப்புரிமைத் தொல்லைக்குப் பயந்து அந்த வசதியை நிறுவனமே எடுத்துவிட்டது. பாட்டு கேட்க ஆசைப்பட்டவர்கள் வேறு எங்கிருந்தாவது ஒரு ஆர்பிஎம் கோப்பைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

பாட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. எம்பிளேயர் போட்டு வீடியோ பார்க்கலாம் என்று நினைத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கோப்பை இறக்கி நிறுவினால், "இந்த லைப்ரரி இல்லாமல் முடியாது" என்று நின்றுவிடும். அதைத் தேடி இறக்கினால் அது இன்னொன்றைக் கேட்கும். அந்த இன்னொன்று, ஏற்கெனவே கணினியில் இருக்கும் ஒன்றின் புதிய பதிப்பைக் கேட்கும். புதிய பதிப்பைப் போட்டால் வேறு நாலு மென்பொருள்கள் ஓடாமல் படுத்துக்கொள்ளும். இத்தனையும் டயல்-அப் இணைப்பில்... இந்த அவஸ்தைக்கு ஆங்கிலத்தில் 'டிபென்டன்சி ஹெல்' என்றே பெயர். சார்பு நரகம்!

அதே நாட்களில் டெபியன் வைத்திருந்தவர் ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்தால் எல்லாம் தயாராக இருக்கும். "டெப் தான் உசத்தி, ஆர்பிஎம் மோசம்" என்ற சண்டை இந்த அனுபவத்தில்தான் வளர்ந்தது.

ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அந்தச் சண்டை தப்பான இடத்தில் நடந்தது தெரியும். கோப்பின் வடிவத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கணக்கை யார் எழுதுகிறார், தப்பு வந்தால் யார் பதில் சொல்கிறார் என்பதில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

கணக்கே இல்லாத காலம்

யூனிக்ஸ் உலகில் ஒரு மென்பொருள் பெரும்பாலும் மூல நிரலாகத்தான் வரும். ஒரு டார் கோப்பை இறக்கி, பிரித்து, கம்பைல் செய்து, கடைசியில் 'மேக் இன்ஸ்டால்' என்று கட்டளை கொடுக்க வேண்டும். உடனே நூற்றுக்கணக்கான கோப்புகள் பின், லிப், ஈடிசி என்று பல அடைவுகளுக்குப் பிரிந்து போய் உட்கார்ந்துகொள்ளும்.

எந்தக் கோப்பு எந்த மென்பொருளுக்குச் சொந்தம்? எங்கேயும் எழுதி வைக்கப்படாது. வந்த சரக்கையெல்லாம் பதிவேட்டில் ஏற்றாமல் குடோனில் கொட்டி வைத்தது போலத்தான். உள்ளே வருவது சுலபம். ஆனால் ஒன்றை நீக்க வேண்டும் என்றால் எதைத் தொடுவது, எதை விடுவது என்று தெரியாது. புதிய பதிப்பைப் போட்டால் பழையதின் மிச்சங்கள் அங்கங்கே கிடக்கும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது வெறும் கெர்னல் மட்டுமே. அதோடு மற்ற நிரல்களையும் சேர்த்து ஒரு முழு இயங்குதளமாகக் கொடுப்பவர்கள் தேவைப்பட்டார்கள். இப்படிச் சேர்த்துக் கொடுப்பதைத்தான் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்கிறார்கள், தமிழில் வழங்கல். 1992இல் பீட்டர் மெக்டொனால்ட் கொண்டுவந்த எஸ்எல்எஸ் அந்த நாளில் பலரும் பயன்படுத்திய வழங்கல். அதில் பிழைகளும் ஏராளம். அந்தப் பிழைகளைப் பார்த்து எரிச்சலடைந்த இரண்டு கல்லூரி மாணவர்கள்தான் இந்தக் கதையின் முதல் நாயகர்கள்.

இரண்டு மாணவர்கள், இரண்டு வழிகள்

முதலாமவர் பேட்ரிக் வோல்கர்டிங். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தவர். தன் பேராசிரியருக்காக எஸ்எல்எஸ்ஸை நிறுவப் போய், அதன் பிழைகளைத் திருத்த ஆரம்பித்தார். திருத்தியதை 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் என்ற பெயரில் வெளியிட்டார். முதல் பதிப்பு 24 பிளாப்பி வட்டுகளில் அடங்கியது. அடுத்த ஆண்டே அது 73 ஆனது!

ஸ்லாக்வேரின் முறை ரொம்ப எளிது. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு சுருக்கப்பட்ட டார் கோப்பு. அதுதான் 'பேக்கேஜ்', தமிழில் பொதி. நிறுவும்போது எந்தெந்தக் கோப்புகள் எங்கே போயின என்ற பட்டியலை ஒரு உரைக்கோப்பில் எழுதி வைக்கும். நீக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து நீக்கும். அவ்வளவுதான்.

இந்தப் பொதிக்கு வேறு எது தேவை என்று ஸ்லாக்வேர் கேட்காது, சொல்லவும் சொல்லாது. இது மறதியால் வந்த குறை இல்லை, வேண்டுமென்றே எடுத்த முடிவு. கணினியின் சொந்தக்காரருக்குத் தன் கணினியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 2022இல் வந்த ஸ்லாக்வேர் 15.0 வரை இந்தக் கொள்கையை விடவில்லை. சரக்கு விவரம் பதிவேட்டில் இருக்கிறது, எதை வாங்குவது என்பது முதலாளியின் தலைவலி!

இரண்டாமவர் இயன் மர்டாக். பர்டியூ பல்கலைக்கழக மாணவர். 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியன் என்ற புதிய வழங்கலை அறிவித்தபோது அவருக்கு வயது 20. காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது.

மர்டாக்கின் எண்ணம் வேறு. ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்ட முடியாது. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், உலகில் எங்கிருந்தும் யாரும் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் முகம் பார்க்காத நூறு பேர் தனித்தனியாகக் கட்டும் பொதிகள் ஒரே கணினியில் சண்டை போடாமல் இருக்க வேண்டுமே? அதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டியிருந்தன. ஒன்று, டிபிகேஜி என்ற கருவி. இதை 1994இல் இயன் ஜாக்சன் சி மொழியில் புதிதாக எழுதினார். இன்னொன்று, எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், பொதி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் கொள்கைக் கையேடு.

டெப் கோப்பு ஒன்றைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்றில் சரக்கு. மற்றதில் விவரச் சீட்டு. இந்தப் பொதிக்குக் கட்டாயம் எது தேவை, எது இருந்தால் நல்லது, எதனுடன் ஒத்துப்போகாது என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். பெயரும் எண்ணும் மட்டும் இருந்த பதிவேட்டில் இப்போது கொடுக்கல் வாங்கலும் ஏறிவிட்டது.

1996 ஜூனில் டெபியன் 1.1 வந்தபோது பொதிகள் 474. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தபோது 69,000க்கும் மேல். இவற்றைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 2015 டிசம்பரில் மர்டாக் மறைந்தபோதும் அவர் போட்ட அந்த அமைப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

வியாபாரம் செய்தவர்களின் வழி

ரெட் ஹாட் ஒரு நிறுவனம். மார்க் யூவிங்கும் பாப் யங்கும் சேர்ந்து வளர்த்தது. தன்னார்வலர்கள் வருவார்கள் என்று காத்திருக்க அவர்களால் முடியாது. ஆள் குறைவு, நேரம் குறைவு, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தேவையில் பிறந்ததுதான் ஆர்பிஎம். எரிக் ட்ரோனும் மார்க் யூவிங்கும் எழுதிய இது, 1995இல் ரெட் ஹாட் லினக்ஸ் 2.0 உடன் வந்தது.

ஆர்பிஎம் இரண்டு நல்ல பழக்கங்களைக் கொண்டுவந்தது.

முதலாவது, மூல ஆசிரியர் கொடுத்த நிரலை அப்படியே தொடாமல் வைத்துக்கொண்டு, தாங்கள் செய்த திருத்தங்களைத் தனிக் கோப்பாக வைப்பது. பொதியை எப்படிக் கட்டுவது என்பதை 'ஸ்பெக்' என்ற ஒரே கோப்பில் எழுதுவது. யாருடைய வேலை எது என்று பின்னால் யாரும் பிரித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, தணிக்கை. நிறுவிய ஒவ்வொரு கோப்பின் அளவு, அனுமதிகள், சரிபார்ப்பு எண் எல்லாம் ஆர்பிஎம்மின் தரவுத்தளத்தில் இருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் எந்தெந்தக் கோப்புகள் பிறகு மாறியிருக்கின்றன என்று சொல்லிவிடும். பொதியின் மீதே கையொப்பம் இடும் வசதியும் 1990களிலேயே வந்துவிட்டது. டிபிகேஜிக்குள்ளேயே இப்படிச் சரிபார்க்கும் கட்டளை வர 2013 வரை ஆனது!

ஆக, வெறும் கருவி என்று பார்த்தால் ஆர்பிஎம் எந்த வகையிலும் இளைத்தது இல்லை. சார்புகளையும் அது எழுதி வைத்துத்தான் இருந்தது. பிறகு ஏன் அந்த நரகம்?

காரணம் எளிது. சுசே, மாண்ட்ரேக் என்று பல நிறுவனங்களும் ஆர்பிஎம்மை எடுத்துக்கொண்டன. கோப்பின் விகுதி எல்லோருக்கும் ஒன்று. ஆனால் உள்ளே பொதிகளின் பெயர்கள் வேறு, லைப்ரரிகளின் பதிப்புகள் வேறு, கட்டிய விதம் வேறு. மாண்ட்ரேக்குக்குக் கட்டியதை ரெட் ஹாட்டில் போட்டால் ஓடலாம், ஓடாமலும் போகலாம். டெபியனில் எல்லாப் பொதிகளும் ஒரே கையேட்டின்படி, ஒரே களஞ்சியத்துக்காகக் கட்டப்பட்டவை. கடைக்குக் கடை வேறு வேறு படிக்கல் வைத்திருக்கும் சந்தைக்கும், ஒரே படிக்கல் வைத்திருக்கும் சந்தைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

குடோன்காரரும் கொள்முதல்காரரும்

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். அன்றைய சண்டைகளில் ஆப்டையும் ஆர்பிஎம்மையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவார்கள். இது தப்பான ஒப்பீடு. டிபிகேஜியும் ஆர்பிஎம்மும் ஒரே வேலைக்காரர்கள், அதாவது குடோன்காரர்கள். கையில் கொடுத்த சரக்கை வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, அடுக்கி வைப்பார்கள். குறைகிற சரக்கை வெளியே போய் வாங்கி வருவது அவர்கள் வேலை இல்லை. அதற்குக் கொள்முதல்காரர் ஒருவர் வேண்டும்.

டெபியனில் முதலில் டிசெலக்ட் என்ற ஒன்று இருந்தது. அதைப் பழகிக்கொள்வது எல்லோராலும் ஆகவில்லை. 1998இல் ஆப்ட் எழுதப்பட்டது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1 உடன் அதிகாரபூர்வமாக வந்தது. பொதியின் பெயரைச் சொன்னால் போதும். களஞ்சியத்தின் பட்டியலைப் பார்த்து, வேண்டிய சார்புகளையெல்லாம் கணக்கிட்டு, இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுக்கும். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கே மறுநிறுவல் இல்லாமல் மாறலாம். 'ஆப்ட்-கெட் மூ' என்று தட்டினால் ஒரு பசுமாடு படம் வரும் என்பது கூடுதல் செய்தி!

ஆர்பிஎம் பக்கம் கொள்முதல்காரர் வரக் கொஞ்சம் தாமதமானது. 2000இல் பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனம் ஆப்டையே ஆர்பிஎம்முக்கு மாற்றிக் காட்டியது. ஆப்பிளின் பவர்பிசி கணினிகளுக்காக வந்த எல்லோ டாக் லினக்ஸில் யப் என்ற கருவி இருந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கணினிகளைப் பராமரித்துவந்த சேத் விடாலும் மைக்கேல் ஸ்டென்னரும் அதை எடுத்துத் திருத்தி எழுதினார்கள். அதுதான் யம். துறையில் இருந்த கணினிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க முடியாததால் செய்த வேலை, 2003இல் பெடோராவின் முதல் பதிப்பிலேயே இடம் பிடித்தது. 2007இல் ரெட் ஹாட்டின் வணிகப் பதிப்பான ஆர்எச்இஎல் 5இலும் வந்து, உலகம் முழுக்க சர்வர்களில் ஓடியது. சேத் விடால் 2013 ஜூலையில் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்தார்.

யம் வந்த பிறகு ஆர்பிஎம் நரகம் ஏறக்குறைய மறைந்தது. கோப்பின் வடிவம் மாறவில்லை, குடோன்காரரும் மாறவில்லை. கொள்முதல்காரர் வந்தார், ஒழுங்கான களஞ்சியம் வந்தது, நரகம் போனது. டெப்பும் ஆர்பிஎம்மும் போட்ட சண்டைக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை.

கணக்கு இவ்வளவு கடினமா?

பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் கொள்முதல்காரரின் வேலை லேசுப்பட்டது இல்லை. ஒரு பொதிக்கு இரண்டில் ஒன்று போதும், ஆனால் அந்த இரண்டில் ஒன்று வேறொரு பொதியோடு ஒத்துப்போகாது, அந்த வேறொன்று ஏற்கெனவே கணினியில் இருக்கிறது... இப்படி நிபந்தனைகள் அடுக்கிக்கொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த எடோஸ் என்ற ஆய்வுத்திட்டம், பொதிகளை நிறுவ முடியுமா என்று கண்டுபிடிப்பது கணினியியலின் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 2006 வாக்கில் நிரூபித்தது. பொதிகள் கூடக் கூட, மோசமான சூழ்நிலையில் தேட வேண்டிய வழிகள் மளமளவென்று பெருகிவிடும்.

2008 ஜூனில் வந்த ஓப்பன்சுசே 11.0 இதற்காகத் தர்க்கக் கணக்குகளைத் தீர்க்கும் 'சாட் சால்வர்' முறையைக் கொண்டுவந்தது. வேகம் சட்டென்று கூடியது. அதன் வழி வந்த லைப்ரரியையே பெடோராவும் எடுத்துக்கொண்டது. 2015 மேயில் பெடோரா 22இல் யம்முக்குப் பதிலாக வந்த டிஎன்எஃப் அதன் மேல் கட்டப்பட்டதுதான். போட்டியாளர்கள் ஒருவர் சரக்கை ஒருவர் தாராளமாக எடுத்துக்கொள்வது இந்த உலகின் நல்ல குணம்.

வேறு பாதையில் போனவர்கள்

எல்லோரும் இந்த இரண்டு வழிகளில்தான் போனார்கள் என்று சொல்ல முடியாது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் 1994 முதல் 'போர்ட்ஸ்' முறை இருக்கிறது. ஜோர்டன் ஹப்பார்ட் தொடங்கியது. சமைத்த சாப்பாட்டுக்குப் பதில் சமையல் குறிப்பைக் கொடுப்பது போல. மூல நிரலை எங்கிருந்து இறக்குவது, எப்படிக் கம்பைல் செய்வது என்ற குறிப்பு மட்டும் இருக்கும், சமையல் உங்கள் கணினியில் நடக்கும். இதைப் பார்த்துத்தான் டேனியல் ராபின்ஸ் தன் ஜென்டூவுக்கு போர்ட்டேஜை எழுதினார். ஜென்டூ 1.0 வந்தது 2002இல். எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே சொல்லிக் கம்பைல் செய்துகொள்ளலாம். ஆனால் ஓப்பன் ஆபீஸ் போன்ற பெரிய மென்பொருளுக்கு ராத்திரி முழுக்கக் கணினி ஓட வேண்டியிருக்கும்! 2023 டிசம்பரில் ஜென்டூவும் தயார் பொதிகளைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியது.

அதே 2002இல் ஜட் வினெட் ஆர்ச் லினக்ஸைத் தொடங்கினார். அதன் பேக்மேன் எளிமையும் வேகமும் கொண்டது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற பேச்சே இல்லை, புதியது வர வர வந்துகொண்டே இருக்கும். இதோடு பயனர்களே குறிப்பு எழுதி ஏற்றும் ஏயுஆர் என்ற தனிக் களஞ்சியமும் உண்டு.

2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கிய நிக்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாக யோசித்தது. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் மோதுவதால்தானே பிரச்சினை? ஒவ்வொரு பதிப்பையும் தனி அடைவில், தனி அடையாள எண்ணோடு வைத்துவிட்டால் மோதலே வராதே! பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் வைக்கும். புதியது சரிவரவில்லை என்றால் ஒரு கட்டளையில் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். வட்டில் இடம் அதிகம் பிடிக்கும், பழகவும் நாள் ஆகும் என்பதுதான் விலை.

ஒரே பதிவேடு, ஒரே பிழை

டெபியனின் களஞ்சியம் வளர வளர அதை மூலதனமாக வைத்துப் பல வழங்கல்கள் பிறந்தன. மார்க் ஷட்டில்வொர்த்தின் உபுண்டு 2004 அக்டோபரில் வந்தது. இலவச சிடியை வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. மர்டாக் தொடங்கி வைத்த கணக்குமுறை இப்படி இந்திய மொழிகளுக்கான இயங்குதளத்துக்கும் வந்து சேர்ந்தது.

முதலைப் பகிர்ந்துகொண்டால் நட்டத்தையும் பகிர வேண்டும். 2008இல் இது தெரிந்தது.

2006 செப்டம்பரில் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு சிறு திருத்தம் செய்யப்பட்டது. பிழை தேடும் கருவி ஒன்று எச்சரிக்கை கொடுத்ததால் ஒரு வரியை எடுத்தார்கள். அந்த வரிதான் ரகசியச் சாவிகளை உருவாக்கும்போது கணிக்க முடியாத எண்களைக் கலக்கும் வரி! அதன்பின் ஒரே வகை, ஒரே நீளச் சாவிகளில் மொத்தமே 32,768 சாவிகள்தான் உருவாக முடியும் என்ற நிலை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். 2008 மேயில் லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடிக்கும் வரை ஏறக்குறைய இருபது மாதம் யாருக்கும் தெரியாது. பிழை மூல ஆசிரியர்களின் நிரலில் இல்லை, பொதி கட்டும் இடத்தில் நுழைந்தது. அதனால் டெபியனும் அதன் வழி வந்த உபுண்டுவும் பாதிக்கப்பட்டன, ஆர்பிஎம் உலகம் தப்பியது.

ஆர்பிஎம்காரர்கள் அதிக நாள் சந்தோஷப்பட முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரெட் ஹாட், பெடோரா சர்வர்களில் யாரோ புகுந்துவிட்டார்கள். சில ஓப்பன்எஸ்எஸ்எச் பொதிகளுக்கு ரெட் ஹாட்டின் கையொப்பத்தையே போட்டுவிட்டார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. பெடோரா தன் கையொப்பச் சாவிகளையே மாற்ற வேண்டி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2007 ஏப்ரலில்தான் டெபியன் 4.0, களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஆப்டைக் கொண்டுவந்திருந்தது.

ஒரு பக்கம் நல்ல எண்ணத்தோடு கணக்கெழுதியவரின் கைப்பிழை. மறுபக்கம் முத்திரையே திருட்டுக் கைக்குப் போனது. எந்தக் கோப்பு வடிவமும் இந்த இரண்டிலிருந்தும் காப்பாற்றாது.

நடுவில் ஆள் எதற்கு?

இதைப் பார்த்துப் பலர் கேட்ட கேள்வி: மென்பொருள் எழுதியவரே நேராகப் பயனருக்குக் கொடுத்தால் என்ன? நடுவில் பொதி கட்டுபவர் எதற்கு? அவருக்காகக் காத்திருந்து பழைய பதிப்பை ஏன் பயன்படுத்த வேண்டும்?

2016இல் இதற்கு இரண்டு பதில்கள் பரவலாக வந்தன. உபுண்டுவின் ஸ்னாப், அலெக்சாண்டர் லார்சன் தொடங்கிய பிளாட்பேக். மென்பொருள் தனக்குத் தேவையான லைப்ரரிகளைத் தன்னோடு அல்லது ஒரு பொது அடித்தளத்தோடு கொண்டுவரும். எந்த வழங்கலிலும் ஓடும். மற்றவற்றிலிருந்து ஓரளவு பிரித்தும் வைக்கப்படும். டெப், ஆர்பிஎம் என்ற பேச்சே எழாது.

வசதிதான். ஆனால் நடுவில் இருந்தவர் போனால் அவர் பார்த்த சோதனையும் போகும். 2018 மேயில் ஸ்னாப் கடையில் இருந்த ஒரு விளையாட்டுக்குள் மெய்நிகர் பணம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆர்ச்சின் ஏயுஆரில், கைவிடப்பட்ட ஒரு பிடிஎஃப் மென்பொருளின் குறிப்பை ஒருவர் 'தத்தெடுத்து' அதில் தீய நிரலைச் செருகினார். கடை யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. ஸ்னாப் கடையை நடத்துவது கனோனிக்கல் என்ற ஒரே நிறுவனம். உபுண்டுவில் குரோமியத்தை ஆப்ட் வழியாகக் கேட்டாலும் ஸ்னாப் வந்து உட்கார்ந்ததை எதிர்த்து, லினக்ஸ் மின்ட் 2020இல் தன் 20ஆம் பதிப்பில் ஸ்னாப்பையே தடுத்துவைத்தது.

அரை நொடித் தாமதம்

கடைசியாக, 2024 மார்ச் 29.

ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் டெபியனின் சோதனைப் பதிப்பில் ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் எடுப்பதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் நோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சாவி வைத்திருப்பவர் அந்தப் பதிப்பு உள்ள சர்வருக்குள் நேராகப் போய்விடலாம்.

வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, தனி ஆளாகச் சுமந்துகொண்டிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது வெளியாகவில்லை.

பொதிகளின் கதையில் இதற்கு ஏன் இடம்? அந்தத் தீய நிரல் கம்பைல் ஆகும்போது, தன்னை டெப் பொதியாகவோ ஆர்பிஎம் பொதியாகவோ கட்டுகிறார்களா என்று பார்க்கும். இரண்டும் இல்லை என்றால் வாயைத் திறக்காது! எழுதியவருக்கு டெப்பும் ஆர்பிஎம்மும் ஒன்றுதான். இரண்டும் உலகின் சர்வர்களுக்குப் போகும் வாசல்கள். எஸ்எஸ்எச் நேரடியாக எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதும் இல்லை. டெபியனும் பெடோராவும் சிஸ்டம்டி வசதிக்காகத் தங்கள் எஸ்எஸ்எச் பொதியில் செய்திருந்த திருத்தம் வழியாகத்தான் அந்தத் தொடர்பே வந்தது. அந்தத் திருத்தம் செய்யாத ஆர்ச்சும், சிஸ்டம்டியே இல்லாத ஸ்லாக்வேரும் அந்தத் தாக்குதலின் வழியில் இல்லை.

ஆனால் இதே அமைப்புதான் காப்பாற்றவும் செய்தது. புதிய பதிப்பு நேராகப் பயனரிடம் போகவில்லை. டெபியனின் சோதனைக் கிளைகளிலும், பெடோராவின் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்புகளிலும் முதலில் உட்கார்ந்திருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் ஒருவர் கண்ணில் பட்டது. நிலையான பதிப்புகளுக்கு அது போகவே இல்லை. 'பழைய சரக்கு' என்று கிண்டலடிக்கப்பட்ட டெபியனின் தாமதம் அன்று மதில்சுவராக நின்றது.

டெபியன் அதைத் திரும்பப் பெற்ற விதமும் பார்க்க வேண்டியது. பொதி மேலாளர் எப்போதும் பெரிய பதிப்பு எண்ணைத்தான் புதியது என்று எடுக்கும். 5.4.5க்குப் பின்வாங்க முடியாது. அதனால் '5.6.1+ரியலி5.4.5' என்று ஒரு பதிப்பு எண் கொடுத்தார்கள். அதாவது, 'பெயர் 5.6.1, உள்ளே உண்மையில் 5.4.5'! வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏட்டில் தப்பாக எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, அதன் கீழே திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும்.

கடைசியில் யார் பெரிது?

ஸ்லாக்வேரில் கணினியின் சொந்தக்காரரே கணக்கர். டெபியனில் கையேட்டுக்குக் கட்டுப்பட்ட தன்னார்வலர்கள். ரெட் ஹாட்டில் சம்பளம் வாங்கும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறியாளர்கள். ஜென்டூவில் சமையல் குறிப்பு அவர்களுடையது, அடுப்பு உங்களுடையது. நிக்ஸில் எந்தப் பக்கத்தையும் கிழிக்காத ஏடு. ஸ்னாப், பிளாட்பேக்கில் பெரும்பாலும் சரக்கைச் செய்தவரே சீட்டும் எழுதுகிறார்.

வேகம், கட்டளை, கோப்பு வடிவம் எல்லாம் நாளடைவில் ஒன்றையொன்று பார்த்து ஒன்றுபோல ஆகிவிட்டன. ஒரு வழங்கலைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்: அதன் பொதிகளில் கையொப்பம் போடுபவர் யார், அவர் கையொப்பம் போடும் முன் எத்தனை கண்கள் பார்க்கின்றன, தப்பு தெரிந்தால் எத்தனை மணி நேரத்தில் திருத்தப் பதிவு வருகிறது. 2002இல் எம்பிளேயருக்காக லைப்ரரி லைப்ரரியாக அலைந்தவருக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படவில்லை. ஒரே கட்டளையில் இருநூறு பொதிகள் வந்து இறங்கும் இன்றைக்குத் தேவைப்படுகின்றன.